நடுவில் வந்து நிற்கும் வினைச்சொல்

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் வழி வகுப்புகள் நடக்கும் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் பீரியட். கரும்பலகைக்கு முன்னால் மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு சொல். "நான்", "டீ", "குடிக்கிறேன்" என்று வரிசையாகச் சொல்கிறார்கள். டீச்சர் "மலையாளம்" என்கிறார். "ஞான்", "சாய", "குடிக்குன்னு". யாரும் இடம் மாறவில்லை. "இப்ப இங்கிலீஷ்" என்றதும், கடைசியில் நின்ற பையன் ஓடிவந்து மற்ற இருவருக்கும் நடுவில் புகுந்துகொள்கிறான். "ஐ", "ட்ரிங்க்", "டீ". வகுப்பே கைதட்டுகிறது.

இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கால் நினைவில் வைத்துக்கொள்ளும். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் வினை கடைசியில்தான். எனவே எது மாறுகிறது என்பதை மட்டும் காட்டினால் போதும். "எனக்குப் பசிக்குது", "எனிக்கு விசக்குன்னு" இரண்டும் ஒரே அச்சு. இங்கிலீஷில்தான் "எனக்கு" என்பது "ஐ" ஆகிவிடுகிறது.

தமிழ் கைகொடுக்கும் இன்னோர் இடத்தையும் அந்த டீச்சர் விடவில்லை. மலையாளத்தில் நான் வந்தாலும் அவன் வந்தாலும் "வருன்னு". தமிழில் "வருகிறேன்", "வருகிறான்" என்று ஆளுக்கேற்ப வால் மாறும். "ஹீ கம்ஸ்" என்பதில் ஒட்டும் எஸ்ஸை அவர் இதை வைத்தே விளக்குகிறார். தமிழ் வழி வகுப்புக்கு வரும் இங்கிலீஷ் ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் கேட்பதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்தபோது புரிந்தது.

இங்கிருந்து இடுக்கியின் தமிழ்ப் பகுதிக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாற்றில் மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். மறையூர் தாண்டினால் தேயிலை. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எஸ்டேட் குடும்பங்களின் பேச்சு தமிழாகவே தொடர்ந்தது.

மூணாறு பக்கத்தில் நான் பார்த்த எட்டாம் வகுப்பில் அன்றைக்கு மரபுத்தொடர். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்று எழுதிவிட்டு, "நம்ம ஊர்ல இதை எப்படிச் சொல்வீங்க?" என்றார் சார். "அத்தி பூத்த மாதிரி" என்றது ஒரு குரல். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "குறிஞ்சி பூத்த மாதிரி, சார்" என்றாள். இரவிகுளம் பக்கத்திலேயே இருக்கிறது. 2006-லும் 2018-லும் நீலக்குறிஞ்சி பூத்த மலை அது. ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை நீல நிலா என்பார்கள், அது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்துவிடும். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம். அவள் சொன்னதுதான் கனமான உவமை.

பல வகுப்புகளில் பொருள் சொன்னதோடு பாடம் முடிந்துவிடும். அதனால்தான் பிள்ளைகள் நூறு தொடர்களுக்குப் பொருள் எழுதுவார்கள், ஒன்றைக்கூட வாயில் போட்டுப் பேச மாட்டார்கள். இந்த சார் அங்கே நிறுத்தவில்லை. "மாமா அத்தி பூத்தாப்ல வருவார்" என்று எழுதி, தமிழ்த் தொடர் வினைக்கு முன்னால் நிற்பதை அடிக்கோடிட்டார். அதற்குக் கீழே "மை அங்கிள் கம்ஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்". தொடர் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. தொடரைக் கற்பதென்றால் அது உட்காரும் இடத்தையும் சேர்த்துக் கற்பது.

பிறகு ஆளுக்கொரு சொந்த வாக்கியம். ஒரு பையன் எழுந்து, "தி பஸ் கம் டு அவர் லைன்ஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றான். "கம்ஸ்! பஸ் வருதுல்ல?" என்று பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்தான். அவன் எஸ்ஸை அழுத்தி மறுபடி சொன்னான். அடுத்த வாக்கியம் மழைக்கு ரோடு அடைபடுவதைப் பற்றி, அதற்கு ஏற்கெனவே ஐந்தாறு கைகள் உயர்ந்திருந்தன.