நிலாவின் சினம்

அறிவியல் புனைகதை வாசிப்பது அருட்பணியாளருக்கு அழகா என்று வினவும் அன்பர்கள் உண்டு. நாம் வாசிக்கிறோம், வாசித்து மகிழவும் செய்கிறோம். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் முன்னொருமுறை வாங்கிய சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை அண்மையில் மீண்டும் கையில் எடுத்தோம். இரண்டே இரவுகளில் முடிந்தது.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த புதினம் அது. கதை நிகழும் காலம் 2021-22. எழுதியவருக்கு எதிர்காலமாய் இருந்த ஆண்டுகள் நமக்கு நேற்றாகிவிட்டன. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எத்தனை வயதுவரை வாழலாம், பிள்ளை பெறலாமா என்பனவும் அரசின் ஆணைப்படியே. நிலாவும் அவள் கணவன் சிபியும் குழந்தைக்கு அனுமதி பெறுகிறார்கள். அதைப் பதிவு செய்யச் சென்ற சிபி வீடு திரும்பவில்லை.

வட்டம் இத்தனை, வீட்டு எண் இத்தனை என்றே முகவரி சொல்லிப் பழகிய நெய்வேலி வாசகருக்கு இந்த எண்ணுலகம் அத்தனை அந்நியமாய்த் தோன்றாது. (நம் பெயர்களைச் சுருக்கச் சொல்லி இதுவரை யாரும் ஆணையிடவில்லை என்பது ஆறுதல்!)

நம்மைக் கவர்ந்தவள் நிலா. அவள் சினத்தோடு பிறந்தவள் அல்லள். கேள்வி கேட்கவே பழகாதவள். அன்புக்குரிய ஒருவன் காணாமற்போனான். அவனைத் தேடுவோர் எவருமில்லை. அங்கே அவளது துயரம் மெல்ல மெல்லச் சினமாகக் கனிகிறது. ஜீவா என்பவன் உண்மையில் இல்லை, வெறும் ஒளியுருவமே என்ற செய்தி வெளிப்படும் இடத்தில், யார்மீது சினப்பது என்ற கேள்வியே ஆட்டம் காண்கிறது. எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஜீனோ என்ற எந்திர நாய்க்குட்டி தன் அறிவாலும் குறும்பாலும் வாசகர் நெஞ்சைக் கொள்ளைகொண்டு விடுகிறது. கதைத்தலைவியின் சீற்றத்திற்கு ஆசிரியர் இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

அவ்வாறு ஒதுக்கிய எழுத்தாளர் ஒருவரும் உண்டு. அமெரிக்கரான மேடலின் லெங்கில் 1962-இல் வெளியிட்ட 'எ ரிங்கிள் இன் டைம்' புதினத்தின் தலைவி மெக், பள்ளியில் எல்லோரிடமும் முட்டி மோதும் சிறுமி. காணாமற்போன தந்தையைத் தேடி வேற்றுக்கோள் ஒன்றுக்குச் செல்கிறாள். அங்கே குழந்தைகள் பந்து தட்டுவதும் ஒரே தாளத்தில்தான். அந்தத் தாளத்திற்கு அடங்காமல் நிற்க அவளுக்குத் துணை செய்வது, அதுவரை குறையென்று எண்ணப்பட்ட அவளுடைய கோபமே. ஆனால் தம்பியை மீட்கும் நேரத்தில் கோபம் மட்டும் போதவில்லை. வெறுப்பு பகைவனிடமும் நிறைய இருக்கிறது. அவனிடம் இல்லாதது அன்பு. இதை மெக் உணரும் கட்டத்தில் நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம்.

குருமடத்தில் பயின்ற தூய தோமா அக்குவினாரின் பாகுபாடு அப்போது நினைவில் எழுந்தது. வெறுப்பவன் பிறருடைய தீங்கைத் தீங்காகவே விரும்புகிறான். சினம் கொண்டவனோ நீதியை நாடியே தண்டனையை விரும்புகிறான். ஆதலால் இரண்டனுள் வெறுப்பே கொடியது என்பார் அவர். வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நம் மறையுரை மேடைகளும் பொறுமையையே பெரிதும் பேசுகின்றன, அதிலும் பெண்களை நோக்கி. அக்குவினாரின் இந்த நுட்பமான வேறுபாடு அம்மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுப்பாதைக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிரை இழந்தோரின் கண்ணீரும் சீற்றமும் நாளேடுகளில் வந்தன. இச்சுரங்கத்தின் மின்சாரத்தில் விளக்கேற்றி வாசிக்கும் நமக்கு இதில் எளிய தீர்ப்பு ஏதுமில்லை. ஆயினும் அந்தச் சீற்றத்தை வெறுப்பென்று பெயரிட நம்மால் இயலவில்லை. நட்ட பயிர்மீது கொண்ட அன்பல்லவா அது!

பங்கைச் சார்ந்த தாய் ஒருவர், சுரங்கத்திற்கு ஊரையே கொடுத்துவிட்டு வந்த குடும்பத்தவர், நம்மிடம் இப்புதினத்தை இரவல் வாங்கிச் சென்றார். பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தபோது, எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"நாய்க்குட்டி நல்லாத்தான் இருக்கு, சாமி. ஆனா அந்தப் பொண்ணு முதல் நாளே சத்தம் போட்டிருக்கணும்" என்றார்.

இரண்டாம் பாகமான 'மீண்டும் ஜீனோ' இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். எடுத்துத் தந்தோம்.