இடுக்குகள்

குளியலறை டைல்ஸ்களுக்கு இடையிலான பூச்சு கறுத்து உதிர்ந்திருந்தது. கீழறையில் தங்கி எனக்குச் சமைத்துத் தரும் மூதாட்டியின் சுவரில் ஈரம் படர்ந்தது. நானே சரிசெய்துவிடலாம் என எண்ணி, பழைய பூச்சின்மீதே வெள்ளைச் சிமெண்டைத் தடவினேன். மறுநாளே குளிக்கவும் செய்தேன். மூன்று வாரங்களில் அது பெயர்ந்தது. மூதாட்டி முறையிடவில்லை, கட்டிலை மட்டும் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டிருந்தார். அதைக் கண்டு நாணினேன்.

கொத்தனார் ஒருவரை நாடினேன். குழாய்களில் கசிவில்லை என்பதை முதலில் உறுதிசெய்தபின் அவர் கற்பித்தார்: பழைய பூச்சை ஆழமாகச் சுரண்டி எடுக்க வேண்டும், புதிய கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். சுவரும் தரையும் கூடும் மூலையில் சிமெண்டு வெடிக்கும். அங்கு நெகிழ்ந்துகொடுக்கும் சிலிக்கான் வேண்டும். நீர்காப்புப் பூச்சோ 3 நாள் உலர்ந்த பின்னரே. இல்லையேல் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

இரண்டு நாள் முழந்தாளிட்டுச் சுரண்டினேன். பூச்சு உலரும்வரை கிணற்றடியில் குளித்தேன். குறையை மூடி மறைக்காதீர், களைந்தெறிவீர் எனப் பிறருக்குப் பலமுறை அறிவுறுத்தியவன் நான். அதை என் விரல்கள் கற்றது அந்த இரண்டு நாள்களில்தான்.

மாதம் ஒன்று கழிந்ததும், கட்டில் மீண்டும் சுவரோரம் வந்தது.