உப்புக் காற்றில் நாலு டிஸ்க்

ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இரவு பகலாக ஓடுகிறது. உள்ளே 4 டெராபைட் ஹாட் டிஸ்க் நாலு. ஊரவர் கொண்டுவந்து தரும் கல்யாண வீடியோ நாடாக்கள், திருவிழாப் படங்கள், காணி உறுதிகள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. 1990இல் தீவகத்தை விட்டுச் சனம் ஓடியபோது அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கொஞ்சப் பேர். தப்பிய படங்களில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

பெட்டி நிறைந்துவிட்டது. 12 டெராபைட் டிஸ்க் நாலு வாங்கினேன். மலிவாகக் கிடைக்கும் சில டிஸ்குகள் எஸ்.எம்.ஆர். வகை. கூரை ஓடு மாதிரித் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும். ஓர் ஓட்டை மாற்ற மேல் ஓடுகளைக் கிளப்ப வேண்டும் அல்லவா, அதே சிக்கல்தான். நாலையும் சேர்த்துப் பாவிக்கும் பெட்டிக்கு அது சரிவராது. அப்படி ஏற்றி எழுதாத சி.எம்.ஆர். வகை என்று உறுதிசெய்துதான் காசு கொடுத்தேன்.

மூடியைத் திறந்தபோது திருகாணிகளில் துரு. ஒரு செருகியில் பச்சை படிந்திருந்தது. கடற்காற்றின் கைவரிசை. பழைய 4 டெராபைட் டிஸ்க்கின் முதுகில் மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு. 12 டெராபைட் அளவுக்கு வந்தால் பெரும்பாலும் ஹீலியம் நிரப்பி முற்றாக மூடியிருப்பார்கள். எங்கள் ஊருக்கு அது நல்லது. ஆனால் செருகியை யாரும் மூடித் தரமாட்டார்கள். சுத்தமான அல்கஹோலில் பஞ்சை நனைத்து நான்தான் துடைக்க வேண்டும்.

என்னுடைய அமைப்பில் நாலில் ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால், அது நிரம்பி முடியும்வரை மிச்ச மூன்றும் ஒற்றைக்காலில் நிற்கும். ஆபத்தான நேரம் அதுதான். முக்கியமானவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துவைத்தேன். பழைய நாலையும் முழுதாக வாசித்துச் சரிபார்த்தேன். பிறகு, பெட்டியில் ஐந்தாவது செருகி இருந்ததால், பழையதைக் கழற்றாமலே புதியதை அதில் போட்டு மாற்றச் சொன்னேன். ஒரு டிஸ்க் நிரம்பப் பதினொரு மணித்தியாலம். ஓரிரவுக்கு ஒன்று.

இரண்டாம் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் நின்றது. யூ.பி.எஸ். கீச்சிட்டது. "தம்பி, உந்தப் பெட்டி ஏன் கத்துது?" என்று அம்மா எழும்பி வந்தா. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய யூ.பி.எஸ். அது. கால் மணித்தியாலம்தான் தாங்கும். பெட்டி தன்னை ஒழுங்காக நிறுத்திக்கொள்ள அது போதும். காலையில் கரண்ட் வந்ததும், விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. நாலாவது டிஸ்கும் மாறி முடிந்த பிறகுதான் கூடுதல் இடம் கண்ணில் தெரிந்தது. மூன்றை மாற்றிய பிறகும் பழைய அளவையே காட்டும், பதறக் கூடாது.

கழற்றிய பழையவற்றுக்கு நல்ல விலை சொன்னார்கள். விற்கவில்லை. நாலு டிஸ்க் என்றாலும் பெட்டி ஒன்று, கூரை ஒன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கூரைக்குக் கீழ்தான் இருந்தன. பழைய டிஸ்குகளை ஒவ்வொன்றும் தனியே வாசிக்கக்கூடியதாக அழித்தெழுதி, எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்தேன். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவில் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போது அங்கே டீசல் இயந்திரத்தில்தான் கரண்ட் வந்தது. டப்பாவுக்குள் கிடக்கும் டிஸ்குக்குக் கரண்ட் நிற்கும் கவலை இல்லை. ஆண்டுதோறும் அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது திறந்து, புதியவற்றைச் சேர்த்துவிட்டு வருவேன்.

நீங்களும் டிஸ்க் மாற்றினால் பழையதை உடனே விற்காதீர்கள். அதில் ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். கொடுக்கும் முன் ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள்.