தோட்டாக்கூட்டின் உட்புறம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் நீண்ட நாள்களுக்குப் பிறகு எழுத அமர்ந்திருக்கிறேன். இம்முறை பாடத்திட்டம், தேர்வு, கட்டுரைப் பயிற்சி எதுவும் இல்லை. கைத்துப்பாக்கியின் மெகசினைக் கழற்றித் துடைப்பதைப் பற்றி எழுதப்போகிறேன். பெற்றோர்கள் பதற வேண்டா, நான் ஆசிரியர்தான்.

இதற்குக் காரணமானவன் என் தொடக்கநிலை ஐந்து மாணவன் ஒருவன். கடந்த பருவத்தில், கருத்தறிதல் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, அவன் மேசைக்கடியில் தன் பேனாவைக் கழற்றிக்கொண்டிருந்தான். திடீரென உள்ளிருந்த சுருள்வில் பறந்து முன்வரிசை மாணவியின் தலைமுடியில் சிக்கியது. வகுப்பே சிரித்தது. வழக்கமாக நான் கண்டித்திருப்பேன். அன்று என் வாயிலிருந்து வந்ததோ, "கழற்றும்போது பெருவிரலை மேலே வைத்து அழுத்த வேண்டாமா?" என்பதுதான். மாணவர்கள் திகைத்துப்போனார்கள். நானும்தான். அந்த வாக்கியத்தை நான் கடைசியாகக் கேட்டது 1998இல்.

அவ்வாண்டு நான் முழுநேரத் தேசிய சேவையில் இருந்தேன். எனக்கு இரண்டரை ஆண்டுகள். 2004இல்தான் அதனை அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தார்கள். அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் என்னை ஒரு படைமுகாமின் ஆயுதக் கிடங்கில் பணியமர்த்தினார்கள். அதனை முகாமில் 'ஆர்ம்ஸ்கோட்' என்போம். மலையேறி, சேற்றில் புரண்டு, வீரக் கதைகளோடு திரும்பிய நண்பர்களிடம் "நான் துப்பாக்கிகளை எண்ணி அடுக்குகிறேன்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

'மெகசின்' என்ற சொல்லின் வேரும் கிடங்குதான். அரபு மொழியில் பொருள்களைச் சேமித்து வைக்கும் இடத்தைக் குறித்த சொல் ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, தோட்டாக்களைச் சேமிக்கும் கூட்டுக்கும் கட்டுரைகளைச் சேமிக்கும் இதழுக்கும் பெயராயிற்று. இலங்கைத் தமிழர் இதனை 'ரவைக்கூடு' என்பர். அழகான சொல். நான் இங்குத் தோட்டாக்கூடு என்றே எழுதுகிறேன்.

எங்கள் கிடங்குக்குப் பொறுப்பாக ஒரு மூத்த மலாய் வாரண்ட் அதிகாரி இருந்தார். படையில் அப்பதவியினரை 'என்சிக்' என்று அழைப்பது மரபு. என்சிக் அதிகம் பேசமாட்டார். எனக்கும் என்னுடன் பணியாற்றிய சீன நண்பனுக்கும் அவர் கற்பித்தவை எல்லாம் சின்னச் சின்ன மலாய் வாக்கியங்கள். அவற்றுள் முதன்மையானது, "புக்கா டூலு, பாரு சூச்சி". முதலில் திற, பிறகு துடை.

கைத்துப்பாக்கியின் தோட்டாக்கூடு பார்ப்பதற்கு ஒரு சிறு தகரப் பெட்டி. உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. தோட்டாக்களைத் தாங்கும் ஏந்து தட்டு, அதனை மேல்நோக்கித் தள்ளும் சுருள்வில், வில் வெளியே வந்துவிடாமல் அடியில் ஒரு பூட்டுத் தகடு, அதன்மேல் அடித்தட்டு. அவ்வளவுதான். ஆனால் கழற்றத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை உண்டு. கூட்டைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். கூட்டிலுள்ள தோட்டாக்களையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கூட்டைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தட்டின் துளையில் தெரியும் சிறு குமிழை ஒரு முனையால் அழுத்திக்கொண்டே தட்டை முன்னோக்கி நகர்த்த வேண்டும். அந்த நொடியில் பெருவிரல் அங்கே இல்லையென்றால், வில் கூரையைத் தொட்டுவிட்டுத்தான் வரும். என் முதல் வில் ஓர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. அதனை எடுக்க மதிய உணவு நேரம் முழுவதும் போயிற்று.

வெளியே எடுத்த வில்லை எப்படி இருந்ததோ அப்படியே மேசையில் வைக்க வேண்டும். பலருக்குத் தெரியாத செய்தி, அந்த வில்லுக்கும் முன்புறம் பின்புறம் உண்டு. மாற்றிப் பொருத்தினாலும் கூடு மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் ஏந்து தட்டு சாய்ந்துவிடும். தோட்டா தலை கவிழ்ந்து நிற்கும். அடுத்து, பெட்டியின் உட்சுவரைத் தூரிகையால் தேய்த்து வெடிமருந்துக் கரியையும் மணலையும் அகற்றி, உலர்ந்த துணியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். கூட்டின் வாய் விளிம்பு நெளிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோட்டா சரியான கோணத்தில் மேலேறுவது அந்த விளிம்பைப் பொறுத்தது.

எண்ணெய் விடக்கூடாது என்பதுதான் எல்லாரும் தவறும் இடம். துப்பாக்கியின் நகரும் உறுப்புகளுக்கு எண்ணெய் வேண்டும். தோட்டாக்கூட்டின் உட்புறமோ உலர்ந்திருக்க வேண்டும். வில்லில் துரு தடுக்கும் மிக மெல்லிய பூச்சு இருந்தால் போதும். எண்ணெய் மிகுந்தால் அது தூசியைப் பிடித்துக்கொண்டு கரிய பசையாகிவிடும். தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டிக்குள் கசிந்து அதனைக் கெடுக்கவும் கூடும். ஆனால் எண்ணெய் பூசிய கூடு பளபளக்கும். பார்வையிட வருபவருக்கு நன்றாகத் துடைத்ததுபோல் தோன்றும்.

எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை. மறுநாள் காலை அதிகாரிகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி. இருபத்து நான்கு கூடுகள் மேசையில் இருந்தன. முதல் பன்னிரண்டு எனக்கு, மீதி நண்பனுக்கு. அன்றிரவு வெளியே செல்ல எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. பேருந்தைப் பிடிக்கும் அவசரம். இரண்டு கூடுகளை மட்டும் கழற்றித் துடைத்தேன். மற்றப் பத்தையும் திறக்காமலேயே வாய் வழியாக எண்ணெயைத் தெளித்து, வெளிப்புறத்தைத் துணியால் தேய்த்து அடுக்கினேன். பத்து நிமிடங்களில் வேலை முடிந்தது. "எனக்கும் சேர்த்து நீயே கையெழுத்துப் போட்டுவிடு" என்று நண்பனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அவன் என் கூடுகளைத் திறந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நான் துடைத்தேன் என்று சொல்லியிருந்தேனே.

மறுநாள் சுடுதளத்தில் ஏழாம் எண் கூடு சிக்கியது. இரண்டு முறை சுட்டதும் அடுத்த தோட்டா மேலேறத் தாமதித்து, துப்பாக்கியின் மேற்பகுதி வெற்றறையை மூடிக்கொண்டது. பயிற்சிதான், யாருக்கும் காயமில்லை. கூட்டைத் திறந்தபோது உள்ளே பழைய கரியும் புதிய எண்ணெயும் கலந்து தார்போல இருந்ததாம். பதிவேட்டைப் புரட்டினார்கள். இருபத்து நான்குக்கும் ஒரே கையெழுத்து. நண்பனுக்கு அந்த வார இறுதியில் வீட்டுக்குச் செல்ல அனுமதி இல்லை. "ஏழாம் எண் என்னுடையது அன்று" என்று அவன் சொல்லவில்லை. "அது என்னுடையது" என்று நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை நண்பகல் பையைத் தூக்கிக்கொண்டு முகாம் வாயிலைக் கடந்தேன்.

திங்கட்கிழமை காலை என்சிக் ஏழாம் எண் கூட்டை என் முன்னால் வைத்தார். "புக்கா" என்றார். திறந்தேன். அருகிலேயே நின்று, நான் துடைத்து முடித்து மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சேவை முடிந்து தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே சிந்தனைக் குறிப்பேடு எழுத வேண்டும். நேர்மையைப் பற்றி எழுத வாய்ப்பு வந்தபோது, சிறுவயதில் கடையில் மீதிப்பணம் அதிகமாகக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்த கதையை எழுதினேன். நல்ல கதை. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. 2006இல் ரிசர்விஸ்ட் பயிற்சியின்போது உணவுக்கூடத்தில் அந்த நண்பனைச் சந்தித்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன் பிறந்து மூன்று மாதமான மகளின் படத்தைக் காட்டினான். பேச்சு குழந்தைகளைப் பற்றித் திரும்பியது. தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டு பிரிந்தோம்.

இப்போது என் மூத்த மகன் தேசிய சேவையில் இருக்கிறான். தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. வீட்டில் அவன் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழாசிரியர் வீட்டிலுமா என்று கேட்காதீர்கள், பதில் சொல்ல இயலாது. அந்தப் பேனா நிகழ்வன்று இரவு அவன் விடுப்பில் வீட்டிலிருந்தான். சாப்பாட்டு மேசையில் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவன், என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கழற்றி, "அப்பா, இங்க பாருங்க" என்று தான் கற்றதை விளக்கத் தொடங்கினான். அவனுடைய எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் கூடு ஒளி ஊடுருவும் நெகிழியால் ஆனது. உள்ளே எத்தனை தோட்டாக்கள் என்று வெளியிலிருந்தே தெரியும். "ஸ்பிரிங்குக்குத் தமிழில் என்ன?" என்றான். சுருள்வில் என்றேன். "ஃபாலோயருக்கு?" ஏந்து தட்டு என்று அந்த நேரத்தில் நானே ஒரு சொல்லைக் கட்டிக் கொடுத்தேன். ஏறத்தாழ அரை மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஏழாம் எண்ணைப் பற்றி அவனிடம் சொன்னேன். மனைவியிடம்கூட முன்பு சொன்னதில்லை. அவன் பேனாவின் வில்லை உள்ளே வைத்துத் திருகி மூடிவிட்டு, "அந்த அங்கிளோட நம்பர் இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

விடுமுறையின் இரண்டாம் நாள் அழைத்தேன். எண் மாறியிருக்கவில்லை. நலம் விசாரித்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். "அது உன்னுடையது என்று அன்றைக்கே தெரியும். நான் என்னுடையதற்கு ஒருநாளும் அவ்வளவு எண்ணெய் விட்டதில்லை" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையெழுத்து தன்னுடையதுதானே என்றான். பிறகு குரல் சற்றுத் தாழ்ந்தது. அந்தச் சனிக்கிழமை அவன் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் விருந்தாம். குடும்பப் படத்தில் அவன் மட்டும் இல்லையாம். அந்தப் படம் இன்னும் அவன் அம்மா வீட்டுச் சுவரில் இருக்கிறதாம்.

மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவனே, "உன் மகனுக்குச் சுடும் பயிற்சி எப்போது?" என்று கேட்டான்.