காலைப் பலகாரத்தில் தொடங்க வேண்டும்

கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொன்ன மறுநாளே சோற்றை அறவே விட்டுவிட்டு வருகிறார்கள் சிலர். பார்க்கவே மனசு பதறும். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும், கீட்டோன் சேரும். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. செவிலியராக நான் முதலில் கேட்கும் கேள்வி: "காலையில என்னம்மா சாப்பிட்ட, எத்தனை மணிக்கு?"

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. 24ஆம் வாரத்துக்கு மேல் இந்தத் தடை ஏறிக்கொண்டே போகும். விடியற்காலையில் கார்ட்டிசாலும் சேர்ந்துகொள்வதால், மதியம் தாங்குகிற மாவுச்சத்தைக் காலையில் உடம்பு தாங்காது. நாலு இட்லியை ஒரே வேளையாகச் சாப்பிட்டு எகிறும் சர்க்கரை, எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பருப்பு தூக்கலாகச் சாம்பார், ஒரு அவித்த முட்டை, பத்தரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் என்று பிரித்ததும் பலருக்கு அடங்கிவிடுகிறது. கேழ்வரகுக் கஞ்சியை நம்பி ஏமாறுபவர்களும் நிறைய. நைசாக அரைத்துக் காய்ச்சிக் குடித்தால் எந்தத் தானியமும் மளமளவென்று ரத்தத்தில் ஏறும். அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, அளவோடு சாப்பிடச் சொல்கிறேன். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணுமே" என்று தவிக்கும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் இதைப் பேசுவேன். அடுக்களை அவர் பொறுப்பில் இருக்கிற வீட்டில், அவர் மனசு வைக்காமல் எந்த உணவுப் பட்டியலும் நிற்காது.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் மொட்டைமாடியில் நடந்தாலே தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். டாக்டர் ஓய்வில் இருக்கச் சொன்னவர்கள் மட்டும் நடக்க வேண்டாம்.

சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்வைத்த பரிசோதனையில் வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரைதான். தூரத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களைப் பட்டினியாகக் காக்கவைக்காத இந்த முறைமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பிறகு இரண்டு வாரம் உணவும் நடையும். அப்படியும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 120க்குக் கீழே வரவில்லை என்றால், பெரும்பாலும் இன்சுலின்தான்.

இங்கேதான் கண் கலங்குகிறார்கள். வாயைக் கட்டாததற்குத் தண்டனையாக ஊசி வந்துவிட்டதென்று நினைப்பு. நஞ்சுக்கொடி வளர வளரத் தேவை கூடுகிறது. இதில் அவள் தப்பு எதுவும் இல்லை. தாயின் சர்க்கரை பிள்ளைக்குப் போகும், போட்டுக்கொள்ளும் இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரைக்கு ஈடாகப் பிள்ளையின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து, உடம்பு கொழுத்து, பிறந்த கையோடு அதன் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அதைத் தடுக்கத்தான் ஊசி.

"சிஸ்டர், பிள்ளை மேல குத்திடாதா?"

அவள் வயிற்றுத் தோலை அவள் விரல்களாலேயே மடிப்பாகப் பிடிக்கச் சொல்வேன். ஊசி அந்த மடிப்புக்குள்ளேயே நின்றுவிடும். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கானது, மாற்றி எடுத்தால் அளவே தப்பிப்போகும். ஆகவே இரண்டையும் மேஜைமேல் வைத்து, எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறேன். கை நடுங்கி வியர்த்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்து உடனே குடிக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரிடமும் சொல்லியனுப்புவேன்.

பிரசவமானதும் பெரும்பாலும் ஊசி நின்றுவிடும், அதோடு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இந்தத் தாய்மாருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் அன்றே தாய்க்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதித் தருகிறேன்.