கதவு எண் 21

வேம்பாரில் எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. கடலுக்குப் போகிற வீடு. எந்நேரமும் ஆள் வரும், போகும். அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, எங்கள் லேப் சர்வரையும் திறந்து போட்டுவிட்டேன்!

நான்காம் செமஸ்டரில், எல்லோரும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை ஏற்றி வைக்க ஒரு எஃப்.டி.பி. சர்வர் அமைக்கும்படி ஆசிரியர் என்னிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பெருமை தாங்கவில்லை. 1971-ல் இதற்கான முதல் விதிமுறையை எழுதிய அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த நம் நாட்டுக்காரர் என்று அவர் சொன்னதும் இன்னும் நெஞ்சு நிமிர்ந்தது.

லினக்ஸில் ஆளுக்கொரு லாகின் கொடுத்தேன். 21-ஆம் போர்ட் திறந்தது. ஆனால் ஃபைல் ஏறவில்லை. 553 என்று பிழை. படிக்க 4, எழுத 2, நுழைய 1, கூட்டினால் 7. உரியவர், குழு, மற்றவர் மூவருக்கும் சேர்த்து எல்லா ஃபோல்டருக்கும் 777 போட்டேன். உடனே 500 என்று வேறு பிழை! அவரவரை அவரவர் ஃபோல்டருக்குள்ளேயே நிறுத்தும் பூட்டு ஒன்று உண்டு. அந்த ஃபோல்டரிலேயே எழுத அனுமதி இருந்தால் சர்வர் உள்ளே விடாது. நான் பூட்டையே எடுத்துவிட்டேன். எல்லாம் ஓடியது.

மறுநாள் என் பக்கத்து பெஞ்ச் நண்பனின் ஃபோல்டர் காலி. மூன்று ராத்திரி கண் விழித்து அடித்த ரிப்போர்ட்! யாரோ தன்னுடையது என்று நினைத்து அழித்திருக்கிறார்கள். ஃபைலை அழிக்க ஃபைலில் உரிமை வேண்டாம், ஃபோல்டரில் எழுத உரிமை இருந்தாலே போதும் என்பது அன்றுதான் புரிந்தது. யார் செய்தது என்று எல்லோரும் தேடினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். 1961 முத்துக்குளிப்பில் முங்கியவர் அவர். "பங்கு பிரிக்கிறவரைக்கும் சிப்பியை யாரும் தொடக்கூடாதுலே. காவலுக்கு நின்னவன் தூங்கிட்டா, எடுத்தவனை விட அவன் மேலதாம்லே குத்தம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரில் வழங்கும் தீவுக் கூட்டத்தில் நல்லதண்ணித் தீவு இருக்கிறது. 1986-லிருந்து தேசியப் பூங்கா. படகிலிருந்து பார்க்கலாம், இறங்கக்கூடாது. படிக்க அனுமதி உண்டு, எழுத இல்லை! பிறந்ததிலிருந்து பார்த்த கடலில் இருந்த பாடம் எனக்கு லேப்பில் தெரியாமல் போயிற்றே...

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து உண்மையைச் சொன்னேன். கால் நடுங்கியது. ஆசிரியர் திட்டவில்லை; "நீயே சரி பண்ணு" என்றார். வெளி ஃபோல்டரை நிர்வாகி பெயருக்கு மாற்றி 755 வைத்தேன். உள்ளே மாணவனுக்கென்று தனி ஃபோல்டர், அதில் மட்டும் அவன் எழுதலாம். எடுத்த பூட்டைத் திரும்பப் போட்டேன். எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு தபால் அட்டை மாதிரி மூடாமல்தான் போகும் என்பதால், லேப்புக்கு வெளியே அதைத் திறக்கவுமில்லை.

நண்பன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் சொல்லச் சொல்ல, ரிப்போர்ட்டை நான் அடித்துக் கொடுத்தேன்.

நண்பர்களே, வீட்டுக் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. அது எங்கள் வீடு. சர்வரில் இருப்பது அடுத்தவர் உழைப்பு!