ஆளிச்சிப்பியின் மலையேற்றம்

கிளென்மார்கன், நீலகிரி



பிடித்த மீனை ஐஸில் போட்டுவைத்தால் சில நாள் தாங்கும். ஆளிச்சிப்பிக்கு அது பொருந்தாது. ஓட்டுக்குள் உயிர் இருக்கும்வரைதான் அது நல்ல உணவு; உயிர் போனால் விரைவில் கெட்டுவிடும். அதனால் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள கிளென்மார்கனில் ஆளி சாப்பிட வேண்டுமென்றால், அதை உயிரோடு மலையேற்றியாக வேண்டும்.

இந்தியக் கரைகளில் கிடைக்கும் முக்கிய உணவு ஆளி, சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய ‘கிராசோஸ்ட்ரியா மட்ராசென்சிஸ்’. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களில், பாறையோ மரத்தூணோ எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு வளரும். பழவேற்காடு ஏரியில் இதை வளர்த்துப் பார்க்கும் முயற்சியை கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1910-ஐ ஒட்டியே தொடங்கினார். பிறகு 1970களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் வளர்ப்பு முறையை நன்கு வகுத்துக் கொடுத்தது. காலி ஓடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, நீரில் நட்ட கம்புப் பந்தலில் தொங்கவிடுவார்கள். நீரில் மிதக்கும் குஞ்சுகள் அந்த ஓடுகளில் வந்து ஒட்டிக்கொள்ளும். தீவனம் எதுவும் போட வேண்டாம். நீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்றே ஆளி கொழுக்கும். இந்த முறை கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும், எர்ணாகுளம் மாவட்டத்து மூத்தகுன்னம், சத்தார் தீவுப் பகுதியிலும் பரவி, பெண்கள் குழுக்களுக்கு வருமானமாகவே ஆகிவிட்டது. தூத்துக்குடியில் தேறிய நுட்பம் தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் இன்னும் சரியாக நுழையவில்லை என்பது பெரிய குறைதான்.

எந்த மாதத்தில் வாங்குவது என்பதற்கு ஐரோப்பியர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: மே முதல் ஆகஸ்ட் வரை ஆளியைத் தொடாதே என்பார்கள். கேரளக் கரையில் அந்தக் கணக்கு எடுபடாது. அங்கே குஞ்சுகள் நவம்பர், டிசம்பரில் ஒட்டும். தென்மேற்குப் பருவமழை இறங்கிக் காயல் நீர் உப்புக் குறைவதற்கு முன், மே மாதத்தையொட்டி அறுவடை முடிந்துவிடும். மழைக்கு முந்தைய அந்தக் கோடை மாதங்களில்தான் சதை நிறைந்த ஆளி கிடைக்கும்.

வாங்கும்போது ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் விரலால் தட்டிப் பார்க்கலாம். உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும், மூடாததை ஒதுக்கிவிட வேண்டும். கையில் கனக்க வேண்டும். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கெட்டியான கல்லின் ஓசை வரும். வெற்று ஓட்டின் ஓசை வந்தால் உள்ளே நீர் வற்றிவிட்டது என்று பொருள். இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வியை விற்பவரிடம் கேட்டாக வேண்டும்: எந்த நீரில் வளர்ந்தது, அறுவடைக்குப் பின் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் விட்டுவைத்தார்களா? நீரை வடிகட்டித் தின்னும் உயிர், அந்த நீரிலுள்ள அழுக்கையும் கிருமியையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். தொட்டியில் வைத்தால் பாக்டீரியாக்கள் பெருமளவு வெளியேறும். ஆனால் வைரஸும் உலோக நஞ்சும் அத்தனை எளிதில் போவதில்லை.

வாங்கிய ஆளியோடு கொச்சியிலிருந்து பெரிந்தல்மண்ணை, நிலம்பூர், நாடுகாணி, கூடலூர் வழியாக வந்தால் ஒரு பகல் பயணம். நிலம்பூர் வரையிலான வெக்கையில்தான் ஆபத்து. தெர்மோகோல் பெட்டியின் அடியில் கட்டி ஐஸைப் பாலித்தீன் பையில் முடிந்து வைத்து, மேலே ஈரச் சாக்கு விரித்து, குழிந்த ஓடு கீழே இருக்கும்படி ஆளிகளை அடுக்க வேண்டும். குழிந்த பக்கம் கீழே இருந்தால்தான் உள்நீர் சிந்தாது. அந்த நீர்தான் வழியெல்லாம் அதன் உயிரைக் காக்கிறது. மூச்சு விடுவதற்கு மூடியில் துளை வேண்டும். உருகிய ஐஸ் நீர் ஆளிமேல் தேங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கிளென்மார்கன் நீர்த்தேக்கத்து நீர், 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்திட்டத்துக்காக சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் நல்ல மலைநீர். ஆனாலும் உப்பில்லாத நீரில் ஆளி செத்துவிடும். கழுவாமல் தட்டில் பரப்பி, ஈரத்துணி போர்த்தி, ஃப்ரிட்ஜில் 4 டிகிரியை ஒட்டி வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுவது நல்லது. காற்றுப் புகாத டப்பா கூடாது. மலைக்குளிரை நம்பி வெளியே வைப்பதும் சரிவராது: பகல் குளிர் போதாது, ஜனவரி உறைபனி அதிகம்.

பச்சையாகத் தின்பது பிரான்சில் எலுமிச்சைச் சாறோடு பெரிய விருந்து. ஆனால் நம் வெப்பமண்டல நீரில் விப்ரியோ கிருமிகள் செழிக்கும். ஈரல் நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் பச்சை ஆளியைத் தொடவே கூடாது. மற்றவர்களும் இங்கே வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஆவியில் ஓடு வாய் திறந்த பிறகு, 4 முதல் 9 நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் நீண்ட பக்கத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். வெந்தும் திறக்காததை எறிந்துவிட வேண்டும்.

வெந்த சதையைத் தேங்காய்க் கொத்து, கறிவேப்பிலையோடு வறுப்பது கேரள வழக்கம். மலைப்பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் நல்லெண்ணெயில் வதக்கி, மிளகை உடைத்துத் தூவி, ஓட்டில் வடிந்த நீரையும் விட்டு ஒரு புரட்டு புரட்டினாலும் போதும். அந்த நீரிலேயே உப்பு உண்டு; மேலும் போட்டால் கெட்டது.

மிஞ்சும் ஓடு சுண்ணாம்புச் சத்து. இடித்துப் பொடியாக்கி, புளிப்பு மண்ணில் திணறும் முட்டைக்கோஸ் பாத்தியில் போடலாம். தேயிலை புளிப்பு மண்ணிலேயே செழிக்கும் செடி என்பதால், தோட்டத்துப் பக்கம் மட்டும் அதைக் கொட்டக் கூடாது.